சிலாபீடமும் பலிப்பலகையும்

பிரபஞ்சத்தில் நிலையானது எது, நிலையற்றது எது என்னும் விசாரத்தில் நம் முன்னோர் செலவிட்ட காலத்திற்குக் கணக்கில்லை. ஆயினும், நிலையானதன் தலைமேல் நிலையற்றதை எவ்வாறு பொருத்துவது, பொருத்தியதை வேண்டும்போது எவ்வாறு கழற்றுவது என்னும் நடைமுறைச் சிக்கலை அவர்கள் தொட்டதாகத் தெரியவில்லை. அக்குறையைக் களைய முற்படும் இச்சிறு ஆய்வு, மரம் செதுக்கும் சி.என்.சி. ரௌட்டரின் கருங்கல் அடித்தளத்தையும், அதன்மேல் கிடந்து வெட்டுப்பட்டு, தேய்ந்து, முடிவில் அடுப்பங்கரைக்குப் போகும் எம்.டி.எஃப். பலகையையும் பற்றியது.

கல்லின் பெருமையை முதலில் சொல்லிவிடுவது முறை. துருப்பிடிக்காது, வெயிலில் இரும்பு நீளுமளவு நீளாது, நிமிஷத்திற்கு 18,000 சுற்றுச் சுழலும் கட்டரின் அதிர்வைத் தன் எடையினாலேயே அடக்கிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது, உலோகத் தட்டுப்பாட்டில், அமெரிக்காவின் டேட்டன் நகரத்தார் கல்லறைக்கல் செய்யும் பட்டறையை நாடிக் கருங்கல்லில் மட்டத்தட்டு செய்துகொண்டதிலிருந்து, இயந்திர உலகில் அதற்கு இரும்பையும் மிஞ்சிய மரியாதை.

இத்தகைய மகாபாறையை மைக்ரான் கணக்கில் தேய்த்து மட்டமாக்கி, பிறகு அதை 18 மில்லிமீட்டர் பலகையால் மூடி, ஒருவர் கண்ணிலும் படாமல் செய்துவிடுகிறோம். மூடாமல் தீராது. வேலைப்பொருள் அடிவரை அறுபட வேண்டுமானால் கட்டர் அதையும் கடந்து மயிரிழையேனும் கீழே இறங்கவேண்டும். இறங்குமிடத்தில் கல் இருந்தால் கார்பைடு முனையின் ஆயுள் அத்துடன் சரி. பட்டறைக்காரர்கள் ஸ்பாயில் போர்டு என்றழைக்கும் பலிப்பலகை அந்த வெட்டைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதோடு, பொருத்தியபின் அகலமான கட்டர் ஒன்றை மாட்டி, அப்பலகையின் முகத்தை அந்த இயந்திரமே சீவிக்கொள்கிறதாதலால், கல்லின் மட்டம் அஞ்ஞாதவாசம் புகுந்துவிட்டதென்றே தோன்றும். அப்படியானால் அவ்வளவு தேய்த்தது வீண்தானா என்று கேட்பவர்கள், கட்டரைச் சுமக்கும் கேன்ட்ரி ஓடும் தண்டவாளங்களும் அதே கல்லின்மேல்தான் அமர்ந்திருக்கின்றன என்பதை மறந்தவர்கள். மறைந்திருக்கும் மட்டம் தண்டவாளத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு பலகையின் முகத்தில் வந்து வெளிப்படுகிறது.

இனிப் பொருத்தும் முறை. இவ்விஷயத்தில் மூன்று மதங்கள் உண்டு.

அத்துவைதிகள், பசையாலோ இரட்டைப்பக்க டேப்பாலோ பலகையைக் கல்லோடு ஒட்டி, இரண்டும் ஒன்றே என்று சாதிப்பவர்கள். சித்தாந்தம் அழகானது, ஐப்பசி வரும்வரை அதற்குப் பங்கமில்லை. மழைக்கால ஈரத்தைக் குடித்துப் பலகை உப்பும்போது, ஈரமறியாத கல் கூடவர மறுத்துவிடுவதால், பேதம் வெளிப்பட்டு நடுப்பகுதி மேலெழும்புகிறது. ஐக்கியம் நிலைத்துவிட்டாலோ இன்னும் கஷ்டம். பலகை மாற்றும் நாளில் உளியும் வேர்வையுமாய்ச் சுரண்ட வேண்டும்.

சூனியவாதிகள் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சுபவர்கள். எம்.டி.எஃப். நுண்துளைகள் உடையதாதலால், இருபுறத்துக் கெட்டித் தோலையும் சீவி, ஓரங்களில் வார்னிஷ் பூசிவிட்டால், காற்று அதன் வழியே இறங்கும். பலகையும் வேலைப்பொருளும் ஒருசேரக் கல்லோடு படியும். ஒரு சதுர அடியின்மேல் வளிமண்டலம் அழுத்துவது ஏறக்குறைய 950 கிலோ. பம்பு அதில் பாதியைப் பெற்றுத் தந்தாலும் போதும். ஆனால் உள்ளங்கையளவுத் துண்டுகளிடம் இந்தச் சூனியம் பலிப்பதில்லை, அவை நழுவிவிடுகின்றன.

துவைதிகளோ, கல் வேறு, பலகை வேறு, இடையில் நின்று இணைப்பது திருகாணியின் அனுக்கிரகம் என்பவர்கள். இக்கட்டுரையாசிரியன் இம்மதத்தவனாதலால், இதை மட்டும் விஸ்தரிப்பதில் பட்சபாதம் உண்டு. கல்லில் மரை வெட்ட முடியாது. வைரமுனைத் துளைப்பானால், தண்ணீர் விட்டு, அவசரமின்றித் துளையிட்டு, சேற்றைக் கழுவி நன்றாக உலர்த்தி, உள்மரையுள்ள பித்தளைப் புஷ்ஷை எபாக்ஸியில் பதிக்கவேண்டும். பசை மரைக்குள் ஏறாதபடி, கிரீஸ் தடவிய திருகாணியைப் புஷ்ஷில் மாட்டிவைத்தே பதிப்பது உத்தமம். புஷ் கல்லின் முகத்திற்குச் சற்றுத் தாழ்ந்திருக்கலாம். உயர்ந்திருக்கவே கூடாது, உயர்ந்தால் பலகை அதன்மேல் ஏறி ஆடும். முறுக்குவதிலும் நிதானம் வேண்டும். அமுக்கினால் மலையைத் தாங்கும் கருங்கல்லுக்கு, இழுத்தால் தாங்கும் வலிமை அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். பலகையின் துளை திருகாணியைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாயிருப்பின், உப்பும் பலகைக்கு நகர இடம் கிடைக்கும்.

சீவுமுன் பலகை முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கவேண்டும். கட்டர் போய்வந்தபின் எங்கேனும் கோடு அழியாமலிருந்தால் அங்கே பள்ளமென்று பொருள்; மறுபடி சீவவேண்டும். இப்படிச் சீவச் சீவப் பலகை மெலிந்து, குழித்து இறக்கிய திருகாணித் தலைகள் மேல்முகத்தை நெருங்கும். இரும்புத் தலையில் கட்டர் மோதினால் மரத்தூளின் நடுவே பொறி பறக்கும். ஆதலால் பித்தளை அல்லது நைலான் திருகாணிகளே சிலாக்கியம். அவை இருக்கும் இடங்களை இயந்திரத்தின் கணக்கில் பதிந்துவைக்க வேண்டுமென்பது விதி. நான் பார்த்த பட்டறைகளில் அவை சுவரில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வாரம் நீங்கலாக, இந்த ஏற்பாட்டில் யாரும் குறை கண்டதில்லை.