முஸ்தபா கோட்பாடு: சீயமங்கலம் வேன் வழியே ஒரு நுண்ணாய்வு

1996 ஆகஸ்டில் வெளிவந்த ‘காதல் தேசம்’ படத்தின் ‘முஸ்தபா முஸ்தபா’ பாடலைப் போடாமல் பிரிவுபசார விழா நடத்திய கல்லூரி எதுவும் இவ்வாய்வாளன் கண்ணில் இதுவரை படவில்லை. ஆய்வுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

களமாகச் சீயமங்கலம் ஏன் என்று நெறியாளர் கேட்பார். இங்குள்ள தூணாண்டார் குடைவரையைக் குடைவித்தவன் முதலாம் மகேந்திரவர்மன். ‘மத்தவிலாசம்’ என்ற நையாண்டி நாடகத்தை எழுதியவனும் அவனே. காபாலிகனையும் பௌத்தத் துறவியையும் ஒருசேரக் கேலி செய்த அரசனின் ஊரில் உட்கார்ந்து இப்படியோர் ஆய்வை எழுதினால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்பது துணிபு.

இறுதியாண்டு மாணவர்களின் வேன் ஒன்று குடைவரைக்கு எதிரே நின்றது. தூணில் சிவன் ஆடும் சிற்பத்தைத் தொல்லியல் ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்க, கடைசி வரிசையிலிருந்து “அண்ணே, முஸ்தபா போடுங்கண்ணே” என்று ஒரு குரல் எழுந்தது. ஓட்டுநர் பென் டிரைவைத் தேடவில்லை. அது ஏற்கெனவே செருகியிருந்தது. அடுத்த கணம் ஒருவன் தோளில் இன்னொருவன் கை. செமினாரில் குறிப்பு தராததற்காக மூன்று வருடம் பேசாமலிருந்த இருவரும் அந்த வரிசையில் இருந்ததாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன. பாட்டு முடிந்ததும் கைகள் இறங்கின. குறிப்பு மட்டும் இன்னும் கைமாறவில்லை.

இதிலிருந்து முதல் கருதுகோள்: நட்பு உச்சத்தை அடைவது பிரிவதற்குச் சற்று முன்புதான். சேர்ந்திருக்கும் நாளில் இந்தப் பாட்டை யாரும் போடுவதில்லை. விடுதிச் சாப்பாட்டுப் பாக்கி இருக்கும்வரை ஒற்றுமைக்குப் பாட்டு தேவைப்படுவதில்லை.

இரண்டாவது கருதுகோள் குரல் சார்ந்தது. ஏ.ஆர். ரஹ்மான் தாமே பாடியது இது. வித்வத் காட்டும் பிர்கா எதுவும் கிடையாது. பெயரை இரண்டு முறை சொல்லத் தெரிந்தவர் எவரும் பாடகர் ஆகிவிடலாம். அதற்குப் பிறகு வரும் வரிகள் வேனில் பெரும்பாலோருக்கு முணுமுணுப்பாகவே வந்தன. ஆனால் பல்லவி திரும்பியதும் கூரை அதிர்ந்தது. வாலி பாவம், சரணங்களையும் எழுதித்தான் கொடுத்திருக்கிறார். 1931-இல் பிறந்தவர், படம் வந்தபோது அவருக்கு 64 வயது. இருபது வயதுக்காரர்களின் தேசிய கீதத்தை ஓய்வுபெறும் வயதைத் தாண்டியவர் எழுதினார் என்பதை இளைஞர் மனம் பற்றி மேடையில் பேசுவோர் கவனிக்க.

போட்டியாளர்களையும் பார்த்தாக வேண்டும். ‘ஏப்ரல் மாதத்தில்’ படத்தின் ‘மனசே மனசே’ அழவைக்கிறது. அழுதால் பிரியாணி இறங்காது. ஆகவே அதைச் சாப்பாட்டுக்கு முன்பு போட்டுவிடுகிறார்கள். ‘நண்பன்’ படப் பாட்டில் துள்ளல் உண்டு, ஆனால் பேராசிரியர்களுக்குத் தெரியாது. எச்.ஓ.டி.யும் வாயசைக்கக்கூடிய ஒரே பாட்டு முஸ்தபா.

முஸ்தபா யார்? படத்தின் நாயகர்கள் வினீத், அப்பாஸ் இருவருக்கும் கதையில் அந்தப் பெயர் இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்ப இவ்வாய்வாளன் ஒரு பெயரை முன்மொழிகிறான்: மோவுத்துக்கான். செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜனின் உயிர்த் தோழன். ஆற்காடு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு 1714 அக்டோபரில் நடந்த சண்டையில் இருவருமே மாண்டார்கள். கல்யாண வீட்டில் மணக்கோலத்தில் இருந்த மோவுத்துக்கான் செய்தி கிடைத்ததும் நீலவேணிக் குதிரையேறிப் பாய்ந்தான் என்கிறது தேசிங்குராஜன் கதைப்பாடல். இன்றைய நண்பன் நம் கல்யாணத்துக்கே வருவதில்லை. ‘டிராஃபிக் மச்சி’ என்று செய்தியும் கூடவே ஜிபேயில் மொய்யும் வருகின்றன. மோவுத்துக்கானோ தன் கல்யாணத்தையே விட்டுவிட்டு வந்தான். பின்னணி இசை எதுவும் ஒலித்ததாகத் தகவல் இல்லை.

டீக்கடைப் பெரியவரிடம் இம்முடிவைச் சமர்ப்பித்தேன். “எங்க காலத்துல ராத்திரி முச்சூடும் தேசிங்கு கதை கேப்போம் தம்பி. இவனுங்களுக்கு அஞ்சு நிமிஷம் போதுது” என்றார். இது என் கோட்பாட்டுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டதற்கு, டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் பேசச் சொன்னார்.

முஸ்தபா பாட்டு காலாவதியாகாத காரணம் இதுதான் என்று இவ்வாய்வு முடிவு கட்டுகிறது: மோவுத்துக்கானாக இருப்பது கடினம், முஸ்தபா பாடுவது சுலபம். பாடும் நேரத்துக்காவது நாம் அவனாகிவிட்டதாக நம்ப முடிகிறது. இந்த வசதியை இவ்வளவு மலிவாகத் தரும் பாட்டு வேறில்லை.

வரும் மார்ச் மாதத்தில் மைக் பிடிக்கவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே விண்ணப்பம்: முதல் சரணத்தையாவது மனப்பாடம் செய்துகொண்டு மேடையேறுங்கள்.