மாசிக்குள் முடிந்துவிடும்

மதுரையில் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்கு மாதங்களின் பெயர். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி. அதையும் தாண்டினால் வெளி வீதி. ஆகவே, தோண்டிய குழியருகே நிற்பவர் "மாசிக்குள்ள முடிச்சிருவோம்ண்ணே" என்றால், எந்த வருஷத்து மாசி என்று கேட்கக் கூடாது. அவர் இடத்தைச் சொல்கிறாரோ என்னவோ.

2016-இல் ஊர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஏறியது. பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அது போகட்டும். எனக்குப் பிடித்தது, இந்தத் திட்டங்களுக்கெல்லாம் முன்னால் வருகிற கம்ப்யூட்டர் படம்தான். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்ட ஒருவர் வேர்க்காமல் நடக்கிறார். பக்கத்தில் எந்த நாட்டு மரமோ, இலை உதிர்வதே இல்லை. ஜிகர்தண்டா வண்டி இல்லை, காதுகுத்து ஃபிளெக்ஸ் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, குறுக்கே படுத்த மாடும் இல்லை.

பூக்கார அக்காவிடம் காட்டினேன்.

"இது எந்த ஊருப்பா?"

"நம்ம ஊர்தான்க்கா."

"அப்ப என் கடை எங்க?"

அவர் கூடை வைக்கும் இடத்தில் ஒரு கல் பெஞ்சு. அதில் லேப்டாப்பும் கையுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்.