மன்னர் கஜானாவுக்கு ஒரு மனு

பெறுநர்: மாட்சிமை தங்கிய மன்னரின் வருவாய், சுங்கத் துறை, லண்டன்.

பொருள்: வரிக்கு மட்டும் ஊழியரானவரைச் சோற்றுக்கும் ஊழியராக்கக் கோருதல்.

ஐயன்மீர்,

மனைவியின் விசாவில் லண்டன் வந்து, வங்கி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் சென்னை மென்பொருள்காரர் ஒருவருக்காக இம்மனு. நாளுக்கு 500 பவுண்டு என்றதும் அவர் 220 நாளால் பெருக்கினார். 1,10,000 பவுண்டு வந்தது. அதை ரூபாயாக்கி ஊருக்கும் சொல்லிவிட்டார்.

ஊர்க்கணக்கில் தங்கள் ஐ.ஆர்.35 வரிவிதி இல்லை. 1999-இல் வந்த பத்திரிகைக் குறிப்பின் எண்ணே அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்தது. சொந்தக் கம்பெனியைக் காட்டிக்கொண்டு ஊழியரைப் போலவே வேலை பார்ப்பவரைப் பிடிப்பது நோக்கம். நியாயம்தான். ஆனால் 2021 ஏப்ரலிலிருந்து அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு தனியார் துறையிலும் பெரிய, நடுத்தர நிறுவனங்களின் தலையில் ஏறியது. நமக்கேன் வம்பு என்று வங்கி அவரை ஓர் ‘அம்பரல்லா’ கம்பெனியிடம், அதாவது காண்ட்ராக்டரைத் தன் ஊழியராகப் பதிந்து சம்பளம் போடும் இடைக் கம்பெனியிடம், தள்ளிவிட்டது.

அங்கே 1,10,000-இலிருந்து முதலில் கழிவது முதலாளி கட்டவேண்டிய தேசியக் காப்பீடு. 2025 ஏப்ரல் முதல் 15 சதவீதம். அடுத்தது தொழிற்பயிற்சித் தீர்வை, அரை சதவீதம். இவை போக மிஞ்சும் ஏறக்குறைய 95,900-தான் அவருடைய ‘சம்பளம்’. அதிலிருந்து வருமான வரியும், ஊழியர் என்ற முறையில் அவருடைய சொந்தக் காப்பீடும் போனால் கைக்கு வருவது சுமார் 66,000. அம்பரல்லாவின் கமிஷன் தனி. முதலாளியின் பங்கும் தொழிலாளியின் பங்கும் ஒரே பையிலிருந்து போகின்றன. அவரை முதலாளி என்று அழைக்கத்தான் ஆளில்லை.

அந்த வங்கியின் போனஸ், பென்ஷன் திட்டம் எதிலும் அவருக்கு இடமில்லை. காப்பீடு கட்டிய ஆண்டுகள் பத்தை எட்டுமுன் ஊர் திரும்பினால், அரசு ஓய்வூதியமும் பொதுவாகக் கிடையாது.

யார் ஊழியர் என்று சொல்ல இணையத்தில் தாங்களே ஒரு கருவி வைத்திருக்கிறீர்கள். சில வேளை அதுவே ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று கைவிரிக்கிறது. வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அரசுத் துறைதான். அதுவே தன் காண்ட்ராக்டர்களைத் தவறாக வகைப்படுத்தியதால் 8.79 கோடி பவுண்டு வரிப் பாக்கிக்கு ஆளானது. தொலைக்காட்சியின் லொரெய்ன் கெல்லிக்குத் தாங்கள் அனுப்பிய சுமார் 12 லட்சம் பவுண்டு பில்லோ 2019-இல் தீர்ப்பாயத்தில் நிற்கவில்லை. அமைச்சகத்துக்கே விளங்காத விதியை வங்கியின் மனிதவளப் பிரிவு விளங்கிக்கொள்ளும் என்ற தங்கள் நம்பிக்கை மெச்சத்தக்கது.

ஆகவே பணிவான வேண்டுகோள் இரண்டு. வரிக்கு ஊழியர் என்றால், வங்கி தன் ஊழியருக்குத் தருவதெல்லாம் அவருக்கும் கிடைக்கச் செய்யுங்கள். அடுத்து, 2022 செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங் ஐ.ஆர்.35-இல் பொதுத் துறைக்கு 2017-இலும் தனியார் துறைக்கு 2021-இலும் வந்த மாற்றங்களை ரத்து செய்வதாக அறிவித்தார். அக்டோபர் 17 அன்று அவருக்குப் பின் வந்த ஜெரமி ஹன்ட் அந்த ரத்தையே ரத்து செய்தார். இனிமேல் இரண்டையும் ஒரே நாளில், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக அறிவித்துவிடுங்கள். இடைப்பட்ட நாட்களில் காண்ட்ராக்டர்கள் கணக்கரிடம் ஆலோசனைக்கு அழும் காசாவது மிஞ்சும். அதற்கும் வரி போடத் தங்களுக்கு வழி தெரியாமலா போகும்!