சித்தப்பா கவுன்சலிங் படிக்கிறார்

வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெறுகிறவர்கள் ஒன்று பங்குச் சந்தைக்குப் போவார்கள், இல்லாவிட்டால் பாகவதம் கேட்கப் போவார்கள். சில ஆண்டுகளாக மூன்றாவதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இவர்கள் அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜி படிக்கிறார்கள். பென்ஷன் வருகிறது. பிள்ளைகள் டல்லஸிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். காலை நடைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் சும்மா கிடக்கிறது. ஊரார் மனத்தைச் செப்பனிட இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? தாம்பரத்தில் இருக்கும் என் சித்தப்பா இந்தக் கூட்டத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி.

அவருடையது, கடன் கேட்டு வந்தவர்களிடம் முப்பத்தைந்து வருஷம் ‘முடியாது’ சொல்லிப் பழகிய வாய். அந்த வாய்க்கு முதல் பாடத்திலேயே கார்ல் ரோஜர்ஸ் வந்து சேர்ந்தார். ஒருவருக்கு மனமாற்றம் வர வேண்டுமென்றால் இன்னின்ன ஆறு நிபந்தனைகள் போதும் என்று 1957-இல் கட்டுரை எழுதிய அமெரிக்கர். அந்த ஆறில் ஒன்று, எதிரே இருப்பவரை நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொள்வது. சித்தப்பா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஜாமீன் கையெழுத்துகூட வேண்டாம்கிறாரே!”

ரோஜர்ஸ் போட்ட இன்னொரு குண்டுதான் எங்கள் குடும்பத்தை நேராகத் தாக்கியது. ஆலோசகர் என்பவர் ஆலோசனை சொல்லக் கூடாதாம். அதுவரை சித்தப்பாவைக் கேட்காமல் எங்கள் வீடுகளில் யாரும் ஃபிரிட்ஜ்கூட வாங்கியதில்லை. கேட்காவிட்டாலும் சொல்வார். முதல் செமஸ்டர் முடிந்ததும் அந்தக் குழாய் அடைபட்டுவிட்டது. என் அத்தை மருமகன் பதற்றமாகப் போன் செய்த அன்று நான் அங்கேதான் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“மாமா, செங்கல்பட்டு மனையை வித்துடலாமா?”

“வித்துடலாமான்னு ஒரு தவிப்பு உங்களுக்குள்ள இருக்கு.”

“தவிப்பெல்லாம் இல்லைங்க மாமா. அட்வான்ஸ் கொடுக்க ஆள் எதிர்ல உட்கார்ந்திருக்கார்.”

“அவர் எதிர்ல உட்கார்ந்திருக்கறது உங்களுக்கு எப்படி இருக்கு?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “மாமி இருக்காங்களா மாமா?” என்று கேட்டார். சித்தி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: “ரிங் ரோடு வருதுங்கறாங்க, தை மாசம் வரைக்கும் விக்காதீங்க மாப்பிள்ளை.” விஷயம் அத்தோடு முடிந்தது.

சொன்னதையே திருப்பிச் சொல்லும் இந்த வித்தையை ஓர் இயந்திரமும் செய்திருக்கிறது. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் ‘எலைசா’ என்ற கணினி நிரலை வெளியிட்டார். ரோஜர்ஸ் பாணி மருத்துவர் பேசுவதைப் பார்த்துச் செய்தது. நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தைப் புரட்டிக் கேள்வியாக்கித் தரும், அவ்வளவுதான். அதை அவர் உருவாக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே அதனோடு சற்றுப் பேசிவிட்டு, ‘நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா?’ என்று அவரைக் கேட்டாராம். சித்தப்பாவோடு தனியாகப் பேச வேண்டும் என்று என்னை வெளியே போகச் சொன்னவர் இதுவரை யாருமில்லை. சித்தப்பாவையே வெளியே போகச் சொன்னவர்கள் உண்டு.

சித்தியின் நிலைமை வேறு. முன்பெல்லாம் சாம்பாரில் உப்பு இல்லையென்றால், “உப்பு இல்லை” என்பார் சித்தப்பா. இப்போது அடுத்தவரைக் குற்றம் சொல்லாமல் ‘நான்’ என்று தொடங்கித் தன் உணர்வைச் சொல்ல வேண்டும் என்று பாடம்.

“இந்தச் சாம்பாரைச் சாப்பிடும்போது எனக்குள்ள ஒரு வெறுமை வருது.”

“வெறுமைக்கு ஊறுகாய் அந்த பாட்டில்ல இருக்கு. போட்டுக்குங்க.”

அடுத்து வந்தது ஜெரார்ட் ஈகனின் உட்காரும் முறை. நேராகத் திரும்பு, கைகாலைக் கட்டிக்கொள்ளாதே, சற்று முன்னால் சாய், கண்ணைப் பார், உடம்பைத் தளர்த்து. முதல் நான்கையும் சேர்த்துச் செய்தால் ஐந்தாவது எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. இஸ்திரிக்காரர் கணக்குச் சொல்ல வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா இதே கோலத்தில் அவர் முன் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் கண்ணையே பார்த்திருக்கிறார். அரை நிமிஷம்தான். “ரெண்டு சட்டை கூடப் போட்டுட்டேன் சார், கழிச்சுக்குங்க” என்று மனிதர் உண்மையைக் கக்கிவிட்டார். வந்தவர் சொன்னதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் தலையாய நெறி. அதனால் சித்தப்பா இதைச் சித்தியிடம் சொல்லவே இல்லை. எங்களிடம்தான் சொன்னார்.

அப்நார்மல் சைக்காலஜி தாள் வந்தபோது வீட்டில் யாரும் தப்பவில்லை. சித்தி பாத்திரத்தை இரண்டு முறை கழுவுவதற்கு ஒரு பெயர், மச்சினர் தன் கார் பெருமை பேசுவதற்கு ஒரு பெயர், மாடி வீட்டுப் பையன் மத்தியானம் வரை தூங்குவதற்கு ஒரு பெயர். சித்தி தன் நோயின் பெயரைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அப்ப எனக்கு ரெஸ்ட் வேணும். நீங்களே ஒரே தடவை கழுவிடுங்க” என்று ஸ்க்ரப்பரைக் கையில் கொடுத்துவிட்டார். அன்றோடு அந்த நோய் குணமாகிவிட்டது. அத்தியாயம் நகர நகர சித்தப்பாவுக்கே ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. மருத்துவம் படிக்கிறவர்களுக்கும் இது வரும் என்பார்கள். படிக்கிற நோயெல்லாம் தனக்கு இருப்பதாகத் தோன்றுமாம். ஒரு வாரம் அவருக்குப் பதற்ற நோய், மறுவாரம் மறதி. தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் பூரண சுகத்துடன் பஜ்ஜி சாப்பிட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். குடும்பத்தை உடைக்கப் பார்த்தது ஜீனோகிராம்.

ஜீனோகிராம் என்பது குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி. இருவர் நெருக்கம் என்றால் இரட்டைக் கோடு, தகராறு என்றால் நெளிகோடு. அசைன்மென்ட்டுக்காகச் சித்தப்பா சார்ட் பேப்பரில் எங்கள் குடும்பத்தை நான்கு தலைமுறைக்குப் போட்டு, காய வேண்டும் என்று ஹாலில் மாட்டினார். கும்பகோணத்து வீட்டுப் பாகப்பிரிவினைக்குப் பிறகு பிறந்த நெளிகோடுகள் மட்டுமே ஒரு கைப்பிடி இருக்கும். அந்த வாரம் பார்த்து ஒரு காதுகுத்துக்காகச் சொந்தமெல்லாம் தாம்பரத்தில் கூடியிருந்தது.

“எனக்கும் பெரியண்ணிக்கும் நடுவுல எதுக்கு இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?” என்றார் என் இரண்டாவது அத்தை.

“அது ஒண்ணுமில்லம்மா, டென்ஷன் லைன்.”

“யார் சொன்னா டென்ஷன்னு? அவ சொன்னாளா?”

அதுவரை அவர்களுக்குள் இல்லாத டென்ஷன் பந்தியில் தொடங்கியது. இதற்கு நடுவே கோயம்புத்தூர்ப் பெரியத்தை தன் வட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். வட்டத்துக்குள் பெருக்கல் குறி. பக்கத்திலிருந்த, பத்து வருஷத்துக்கு முன் காலமான பெரிய மாமாவுக்குப் போட வேண்டிய குறி பேனா நழுவி இங்கே விழுந்துவிட்டது. பெரியத்தை கோபப்படவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, “ரெண்டு வருஷமா நீ ஏன் போனே பண்ணலைன்னு இப்பத்தாண்டா தெரியுது” என்று மட்டும் சொன்னார். அசைன்மென்ட்டுக்கு 18 மார்க் வந்தது, 20-க்கு.

காலி நாற்காலி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் பிரபலமாக்கிய முறை அது. நம் மனத்தை உறுத்துகிற ஆள் எதிர் நாற்காலியில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேச வேண்டும். சித்தப்பா தாத்தாவின் சாய்வு நாற்காலியை நடுஹாலில் போட்டு, தன்னைப் பி.யு.சி.யில் சேர்க்காமல் ஒரு வருஷம் வீணடித்ததற்காக அதைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தபோது வேலைக்கார அம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். மறுநாள் அவர் கையில் துடைப்பத்தோடு வேப்பிலையும் இருந்தது. “ஐயாவுக்கு வெள்ளிக்கிழமை மந்திரிச்சுடலாம்மா” என்று சித்தியிடம் ரகசியமாகச் சொன்னாராம்.

வார இறுதி வகுப்புகளுக்கு ஒரு தடவை சித்தப்பாவை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்கிறீர்கள்! ஐ.டி. கம்பெனியில் ஆட்களை வேலையிலிருந்து தூக்கும் பொறுப்பிலுள்ள பெண்மணி, யோகா ஆசிரியர், கணக்கு டீச்சர்கள் மூவர், அண்மையில் காதல் முறிந்த கண்களோடு ஒரு பெண், ஒரு பாதிரியார். மூன்று மூன்று பேராகப் பிரிந்து ஒருவர் ஆலோசகர், ஒருவர் பிரச்சினையோடு வந்தவர், ஒருவர் பார்வையாளர் என்று நடித்துப் பழக வேண்டும். ஆலோசகராக எல்லோருக்கும் ஆசை. பிரச்சினையோடு வருவதற்குத்தான் ஆள் கிடையாது. வலுக்கட்டாயமாக உட்காரவைத்த ஒரு கணக்கு டீச்சர், சும்மா ஒரு பிரச்சினையைக் கற்பனை செய்து சொல்லத் தொடங்கி ஐந்தாவது நிமிஷம் நிஜமாகவே அழுதுவிட்டார். ஆலோசகராக நடித்த சித்தப்பா பதறிப்போய், “எந்த பேங்க் லோன் மேடம்?” என்று கேட்டார். எல்லாரையும்விட நன்றாகச் செய்தவர் பாதிரியார்தான். காலமெல்லாம் காதைக் கொடுத்தே பழகியவர், அவருக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது?

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு உளவியலைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. 2021-இல் வந்த சட்டம் உளவியலை மருத்துவத் துணைப் படிப்புகளோடு சேர்த்துவிட்டது. மருத்துவம் சார்ந்த படிப்பைத் தபாலில் படிக்கலாமா என்பதுதான் கேள்வி. சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. முன்பே சேர்ந்துவிட்டதால் சித்தப்பா தப்பினார். “கடைசி பேட்ச்” என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு ஜமீன் மிடுக்கு வந்துவிடும். விசிட்டிங் கார்டுகூட அடித்தாயிற்று. ‘கிளினிக்கல்’ என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும் என்பதால் அந்த இடத்தில் ‘முன்னாள் வங்கி மேலாளர்’ என்று போட்டிருக்கிறார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவர்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளிக்கு அறுபது வயதிருக்கும். அம்பத்தூரில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓர் இரவு மின்சாரம் போய், காற்றுக்காக வாசலுக்கு வந்த சித்தப்பா அவரோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். வீட்டை விட்டுப் போன மகனைப் பற்றி அந்த மனிதர் சொல்லத் தொடங்கினார். இருட்டில் கண்ணைப் பார்க்க வழியில்லை. முன்னால் சாயலாம் என்றால் இருவரும் உட்கார்ந்திருந்தது படிக்கட்டு. சித்தப்பா படித்ததெல்லாம் மறந்து, “அப்புறம்?” “அப்படியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கரண்ட் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சித்தி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கடைசியில், பழைய கம்பெனி பி.எஃப். பணத்தை இன்னும் எடுக்கவே இல்லை என்று காவலாளி சொன்னதும் சித்தப்பாவுக்குள் உறங்கிக்கொண்டிருந்த மேலாளர் எழுந்துவிட்டார். மறுநாள் காலை படிவம் 19-ஐ அவரே உட்கார்ந்து நிரப்பினார், ஆதார் எண் முதல் வங்கிக் கணக்கு வரை.

இதைக் கேஸ் ரெக்கார்டில் எழுத முடியாமல் அவர் பட்ட பாடு பெரிது. எந்த உத்தியைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது? ஆலோசனை சொன்னேன் என்று எழுதினால் மார்க் போய்விடும். அந்தத் தாளை அப்படியே மடித்து வைத்துவிட்டு, மாடி வீட்டுப் பையனின் மத்தியானத் தூக்கத்தை எட்டுப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது கடைசி செமஸ்டர். பிறர் மனத்தைத் தொடுகிறவர் முதலில் தன் மனத்தை இன்னொருவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது பிராய்டு காலத்து வழக்கம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பவும் காட்டிக்கொள்வது நல்லது என்றும் அவர் எழுதியிருக்கிறார். வகுப்பில் வற்புறுத்தியதால் சித்தப்பா அடையாறில் ஓர் ஆலோசகரிடம் போனார். பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஐம்பது நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் தொடங்கிவிட்டார்.

“ஐம்பது நிமிஷம்! நான் சொன்னதையே திருப்பித் திருப்பி என்கிட்டயே சொல்லுது அந்தப் பொண்ணு. ஒரு யோசனை, ஒரே ஒரு யோசனை சொல்லணுமே! கடைசியா, ‘இந்தப் படிப்பை முடிச்சு நான் என்னம்மா பண்றது?’ன்னு வாய்விட்டுக் கேட்டேன். ‘என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தோணுது?’ங்குது.”

சித்தி ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“அப்புறம் என்ன பண்ணீங்க?” என்றேன்.

“என்ன பண்றது? பி.யு.சி. விஷயம் பாதியில நிக்குது. வர்ற புதன்கிழமைக்குப் பணம் கட்டிட்டு வந்திருக்கேன்.”