அழுதால் ஐந்து ஸ்டார்

சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, வயது இருபத்தெட்டு, பி.எஃப். கணக்கு உண்டு, வருமான வரியும் ஒழுங்காகக் கட்டுகிறாள். படிப்பது மட்டும் பதினாறு வயதுப் பெண்கள் அரசாங்கத்தைக் கவிழ்க்கும் கதைகள். இவளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிண்டிலில் மூழ்கி, ஆலந்தூரில் இறங்க வேண்டியதை விட்டுவிட்டு, மீனம்பாக்கம் வரை போய்த் திரும்பி வருகிறவள் இவள்தான்.

யங் அடல்ட் நாவல் என்றால் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்காரர்களுக்கு என்பது பதிப்பகங்கள் போட்ட கணக்கு. அதை இவளிடம் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 2012-இல் பவ்கர் நிறுவனம் எடுத்த ஆய்வு நாக்கு நுனியில் நிற்கிறது: இந்த வகைப் புத்தகம் வாங்குகிறவர்களில் 55 சதவீதம் பேர் பதினெட்டு நிரம்பியவர்கள். "பிள்ளைங்களுக்கு வாங்கியிருப்பாங்கம்மா" என்பார் அப்பா. "இல்லப்பா, முக்கால்வாசிப் பேர் தங்களுக்குத்தான்னு சொல்லியிருக்காங்க" என்பாள். அதோடு அந்த விவாதம் முடிந்தது.

ஒரு புத்தகம் எப்படி என்று கேட்டுவிட்டால் பதிலைப் புரிந்துகொள்ளத் தனிப் பயிற்சி வேண்டும். 'நல்லா இருக்கு' என்றால் சுமார். 'செத்துட்டேன்' என்றால் படிக்கலாம். 'அந்த ரைட்டர் என் வாழ்க்கையையே நாசம் பண்ணிட்டாங்க' என்றால் உடனே வாங்கிவிடவும், ஐந்து ஸ்டார். கதை, நடை, மொழி எல்லாம் அப்புறம். கண்ணீர் வந்ததா, அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு வந்ததா என்பதுதான் அளவுகோல். 'டைவர்ஜென்ட்' வரிசையின் மூன்றாம் புத்தகம் 2013-இல் வெளிவந்தது. அதன் முடிவைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் முகம் வாடி, தட்டிலிருக்கும் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுகிறாள். சொந்தத்தில் துக்கம் என்றால்கூடப் பதினாறாம் நாளோடு சரி.

சிபாரிசு என்று வந்துவிட்டால் இவள் சித்த வைத்தியர். முதலில் நாடி பார்ப்பாள். ஆபீஸில் யாராவது காலை வாருகிறார்களா? ஹாலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்'. மாயாவிகள் அரண்மனையில் மாட்டிய சாதாரண மனுஷி ஒருத்தி சூழ்ச்சி செய்தே மேலே வருகிற கதை. அப்ரைசலுக்கு முந்தின வாரம் படித்தால் பலன் அதிகமாம். டீம் லீடர் ஆகியிருக்கிறீர்களா? 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்'. ஆறு பேர், ஒரு கொள்ளை, ஆளுக்கொரு பிரச்சினை. வரன் பார்க்கிறார்களா? ஜென்னி ஹானின் 'டூ ஆல் த பாய்ஸ்'. காதலிப்பதாக நடிக்கப் போய் நிஜமாகவே காதலில் விழுகிறார்கள். இவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை 'ரிச் டாட் புவர் டாட்' தவிர எதுவும் படித்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் இருந்தது. காப்பியோடு அனுப்பிவிட்டார்கள்.

மருந்து கொடுத்ததோடு விடுவாளா என்றால், மாட்டாள். வாட்ஸ்அப்பில் காலையும் மாலையும் விசாரணை வரும்.

"எந்தப் பக்கம்?"

"142."

"ஐயோ."

அவ்வளவுதான். என்ன ஐயோ என்று கேட்டால் சொல்ல மாட்டாள். "147 தாண்டினதும் கூப்பிடு, எத்தனை மணியானாலும் பரவாயில்ல." அந்த ஐந்து பக்கத்தையும் குண்டு வைத்த வீட்டுக்குள் நடப்பதுபோல் நீங்கள் படிக்க வேண்டும்.

வீட்டில் இவளுக்கு வாய்த்த உண்மையான வாசகி பாட்டிதான். மதியம் வெற்றிலை மெல்லும் நேரத்தில் கதை கேட்பார். ஒருநாள் 'ஹங்கர் கேம்ஸ்'. பன்னிரண்டு மாவட்டம், மாவட்டத்துக்கு ஒரு பையன் ஒரு பெண், ஆக 24 பிள்ளைகளை அடைத்துவைத்து ஒருவரையொருவர் கொல்லவிட்டு வேடிக்கை பார்க்கிறது தலைநகரம் என்று இவள் உணர்ச்சி பொங்கச் சொல்லி நிறுத்தினாள்.

"இது பகாசுரன் கதைதானேடி" என்றார் பாட்டி. "ஏகசக்கரத்துல வீட்டுக்கு ஒருத்தரா முறை வச்சு, வண்டி நிறையச் சோத்தோட அனுப்புவாங்களே."

பாட்டி சொன்னது ஒன்றும் தப்பில்லை. ஏதென்ஸ் நகரத்துப் பிள்ளைகளை மினோட்டாருக்கு இரையாக அனுப்பும் கிரேக்கக் கதையிலிருந்துதான் தனக்குப் பொறி கிடைத்தது என்று சூசன் காலின்ஸே சொல்லியிருக்கிறார். பகாசுரனும் மினோட்டாரும் பக்கத்துத் தெருக்காரர்கள்.

"சரி, பீமன் எப்ப வருவான்?"

"வரமாட்டான் பாட்டி. அந்தப் பொண்ணுதான் பீமன்."

பாட்டி கொஞ்ச நேரம் மென்றார். "அப்பன் ஆத்தா எங்கே போனாங்க?"

இதற்கு மட்டும் எந்த ரசிகையிடமும் பதில் கிடையாது. இந்தக் கதைகளில் பெற்றோர் அநேகமாக இருக்க மாட்டார்கள். 'ஹங்கர் கேம்ஸ்' நாயகி காட்னிஸின் அப்பா சுரங்க விபத்தில் செத்தார், ஹாரி பாட்டர் அநாதை, பெர்சி ஜாக்சனின் அப்பா கடல்தேவன் என்பதால் வீட்டுப் பக்கமே வருவதில்லை. காரணம் எளிது. அம்மா என்று ஒருத்தி வாசலில் நின்று 'தலைக்குக் குளிச்சுட்டு எங்கேடி கிளம்பிட்டே, சாப்பிட்டுட்டுப் போ' என்று சொல்லிவிட்டால் புரட்சி அன்றைக்கு நடக்காது.

'ட்வைலைட்' கதைக்குப் பாட்டி ஒரே வரியில் விமர்சனம் எழுதிவிட்டார். எட்வர்ட் 1901-இல் பிறந்த ரத்தக்காட்டேரி, பார்க்கப் பதினேழு வயசு, இன்னும் பள்ளிக்கூடம் போகிறான் என்றதும், "நூறு வயசாகியும் பாஸ் பண்ணலையா?"

அப்பா ஓய்வு பெற்ற வங்கிக்காரர், சுஜாதா பக்தர். சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று முகம் சுளிப்பார். அவருக்கென்று இவள் ஒரு வரலாற்றுப் பாடம் வைத்திருக்கிறாள். 1967-இல் 'தி அவுட்சைடர்ஸ்' வந்தபோது அதை எழுதியவருக்குப் பதினெட்டு வயது. எழுதத் தொடங்கியது பதினைந்தில். பெண் என்று தெரிந்தால் ஆண் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்களோ என்று பதிப்பகம் எஸ்.ஈ. ஹின்டன் என இனிஷியல் மட்டும் போட்டது. அப்பா அசரவில்லை. "இங்கே ரங்கராஜன் சுஜாதான்னு பெண்டாட்டி பேர்லயே எழுதிக் கொடி நாட்டினார்மா." ஆனாலும் 'தி புக் தீஃப்' அவர் தலைமாட்டில் ஒரு வாரம் இருந்தது. "எமனே கதை சொல்றான்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஜலதோஷம் என்று வீட்டில் அறிவிக்கப்பட்டது.

பிடித்த புத்தகத்தில் இவளிடம் மூன்று பிரதி இருக்கும். ஒன்று படிக்க, ஒன்று அலமாரியில் நிற்க, ஒன்று தாள் விளிம்பில் வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்பதற்காக. இரவல் கிடைப்பது முதலாவது மட்டும், அதுவும் முதுகு மடங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. சினிமாப் படம் போட்ட அட்டை என்றால் வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டாள்.

தமிழில் படிப்பதில்லையா என்று கேட்டுப்பாருங்கள். 1950-இலிருந்து 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வன்' யங் அடல்ட்தான் என்று அடித்துச் சொல்வாள். ஓலையை எடுத்துக்கொண்டு கிளம்பி, போகிற இடமெல்லாம் மாட்டிக்கொள்ளும் வாலிபன். நல்லவளா கெட்டவளா என்று தீர்ப்புச் சொல்ல முடியாத நந்தினி. ஐந்து பாகம் ஓடியும் வந்தியத்தேவன்–குந்தவை கல்யாணத்தைக் கண்ணில் காட்டாத ஸ்லோ பர்ன். மணிமேகலை முடிவுக்கு ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறாள். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

அதற்கு அப்புறம் என்ன படிக்க என்று அவள் திருப்பிக் கேட்கும்போதுதான் நாம் விழிக்கிறோம். அம்புலிமாமாவிலிருந்து நேராகப் பாக்கெட் நாவலுக்குத் தாவியவர்கள் நாம். நடுவில் ஒரு தட்டு இருக்கலாம் என்று நமக்குத் தோன்றவே இல்லை. இப்போது சிலர் இளையோர் நாவல் என்று அட்டையில் போட்டே எழுதுகிறார்கள். போதாது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள், பதிப்பகத்தார் தாள் விளிம்பில் கொஞ்சம் வண்ணம் அடித்துக் கொடுங்கள். அழ வைத்தால் மூன்று பிரதி வாங்க இவள் தயார்.