புறப்படும் முன்பே போய்ச் சேரும் விமானம்

கேள்வி: டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஏறத்தாழ 10 மணி நேரத்தில் செல்லும் விமானம், திரும்பி வர மட்டும் 12 மணி நேரம் வரை எடுத்துக்கொள்வது ஏன்?

பதில்: தொலைவு இரு திசையிலும் ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர்தான், மாறுவது காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஒடுங்கிய ஜெட் காற்றோட்டம், குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் கடந்து, போகும் விமானத்தை உந்தித் தள்ளி, வரும் விமானத்தை எதிர்த்து மறிக்கிறது. 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதனை அளந்த ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி, 1926இல் உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை வெளியிட, அம்மொழியை அறிந்தோர் மிகச் சிலரே ஆனதால், அவ்வரிய கண்டுபிடிப்பு நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது பெருங்குறையே. பறக்கும் நேரம் ஒருபுறமிருக்க, டோக்கியோவில் மாலையில் கிளம்புபவர், நாளைப் பிரிக்கும் பன்னாட்டுத் தேதிக்கோட்டைப் பசிபிக்கின் மேல் கடப்பதால், அதே நாள் காலையிலேயே அமெரிக்காவில் இறங்கிவிடுகிறார். அவ்வாறு கடனாகப் பெற்ற நாளைத் திரும்பும்போது கட்டாயம் அடைத்தாக வேண்டும்.