சிலிண்டர் ஹெட் போல்ட் இறுக்குமுறை: சோமனூர் மரபை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

எஞ்சினின் எரிஅறைகளை மேலிருந்து மூடும் உலோகத் தலைப்பகுதியாகிய சிலிண்டர் ஹெட்டை, கீழுள்ள பிளாக்கோடு பிணைக்கும் போல்டுகளை எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை தவணையில் இறுக்குவது என்னும் வினாவுக்கு, கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே விசைத்தறிச் சத்தத்தில் வாழும் சோமனூரின் பட்டறைகளில் நாள்தோறும் விடை அளிக்கப்பட்டு வருகிறது. எனினும் விடை தெரிந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவதால், அவ்விடை அடிக்குறிப்புகளோடு எழுதப்படாமலே கிடக்கிறது. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தொன்மை. கிடைத்துள்ள சங்க நூல்களில் ஹெட் போல்ட் பற்றிய குறிப்பு இல்லை. ஆகவே அது கடல்கொண்ட நூல்களில் இருந்திருக்க வேண்டும் என்பதும், அந்நூல்கள் கிடைக்காமையே அதற்குத் தக்க சான்று என்பதும் ஆய்வுலகம் நன்கறிந்த முறைப்படி பெறப்படுகின்றன.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால், சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு முன்னிற்கிறார். ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பூட்டி இயந்திர நுட்பம் கற்ற அவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். பின்னர் 1945இல் கோவையில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வராகி, நான்காண்டுப் படிப்பு காலவிரயம் என்று வாதிட்டு விலகினார். இத்தகையவரை மேற்கோள் காட்டுவது ஆய்வாளரின் பதவி உயர்வுக்கு உகந்ததன்று என்பதால், கட்டுரை அவரை இத்துடன் விடுகிறது.

இறுக்குவோரில் மூன்று பிரிவினர் உளர். முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை நம்புவோர் கருவியர். ஓர் அளவு வரை இறுக்கியபின் இன்னும் இத்தனை பாகை என்று திருப்புவோர் கோணத்தார். இவர்கள் கையாளும் போல்டுகள் பெரும்பாலும் இழுபட்டு நிலையாக நீண்டுவிடும் வகையினவாதலால், கழற்றியபின் மறுபடி பூட்டலாகாது. தோள்பட்டை 'போதும்' என்று சொல்லும் வரை இறுக்குவோர் கைக்கணக்கர். இவர்கள் ஒரு ரகசியம் அறிந்தவர்கள்.

அந்த ரகசியம் உராய்வு பற்றியது. போல்டைத் திருப்பச் செலவாகும் முயற்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஹெட்டை இழுத்துப் பிடிக்கப் பயன்படுகிறது; பாதியளவு போல்ட் தலையின் அடியிலும், எஞ்சியது மரையிலும் உராய்வாகவே கழிகிறது. (பட்டறைச் சுவர், கரிக்குறிப்பு, மேலிருந்து இரண்டாம் வரி.) முனைவர் பட்ட ஆய்வுகளிலும் இதே விகிதம் நிலவுவதாகக் கருத இடமுண்டு, அங்கே உராய்வு நெறியாளருக்கும் மாணவருக்கும் இடைப்பட்டது. மரையில் துருவோ மண்ணோ இருந்தால் உராய்வு கூடி, ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும்போதே போல்ட் தளர்வாக இருக்கும். எனவே மரையைச் சுத்தம் செய்து, சர்வீஸ் புத்தகம் சொன்னால் மட்டும் துளி எண்ணெய் தடவ வேண்டும். அடிமூடிய துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், அமுங்க மறுக்கும் அத்திரவம் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும்.

இனி வரிசை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து போல்டுகள் இருப்பதாகக் கொண்டால், நடுவில் உள்ளவற்றில் தொடங்கி இருபுறமும் மாறிமாறி ஓரங்களை நோக்கிச் செல்வதே வழக்கு. அப்போதுதான் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சமமாக அமுங்கும், ஹெட்டும் கோணாது. பாவு நூலின் இழுவை ஓரத்துக்கு ஓரம் ஒன்றாக இல்லாவிட்டால் துணி என்னாகும் என்று அறிந்த ஊரில் இதற்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. (மேற்படி சுவர், வெள்ளையடிப்புக்கு முந்தைய பதிப்பு, நகத்தால் சுரண்டினால் தெரியும் பகுதி.)

ஆனால் வேண்டியதில்லை என்பதற்காக ஆய்வு நின்றுவிட முடியாது. பத்து போல்டுகளை இறுக்கக்கூடிய வரிசைகள் மொத்தம் 36,28,800. இவற்றில் ஒன்றிரண்டை மட்டும் சரி என்று கொண்டு எஞ்சியவற்றைச் சோதியாமல் தள்ளுவது ஆய்வுநெறிக்கு இழுக்கு. வரிசைக்கு ஒரு மணி நேரம் எனக் கணக்கிட்டால், இரவு பகலாக உழைத்தும் 414 ஆண்டுகள் ஆகும்; திருமலை நாயக்கர் 1623இல் பட்டமேறிய நாளில் தொடங்கியிருந்தாலும் 2037இல்தான் முடியும். ஒருமுறை அமுங்கிய கேஸ்கட் மறுமுறைக்கு ஆகாது என்பதால் கேஸ்கட்டுகளும் அதே எண்ணிக்கையில் வேண்டும். வரிசைக்கு ஒரு முனைவர் பட்டம் எனப் பகிர்ந்தால், தமிழகப் பல்கலைக்கழகங்களுக்கு இனித் தலைப்புப் பஞ்சமே இராது. இறுதித் தேர்வுக்கு எஞ்சின் ஓடவேண்டும் என்னும் நிபந்தனை மட்டும் வைக்கலாகாது. (மேற்படி சுவர், பழைய டயர்களுக்குப் பின்புறம்; டயர்களை நகர்த்தினாலன்றிப் படிக்க இயலாது; நகர்த்த வேண்டியவர் டீ குடிக்கப் போயிருப்பார்; அவர் திரும்பியபின் டயரின் மேல் டயர் ஏறியிருக்கும்.)

தவணை மூன்று என்பர். இறுதி அளவு 60 நியூட்டன் மீட்டர் எனில் முதற்சுற்றில் 20, அடுத்ததில் 40, பின்னர் 60. கழற்றும்போது போல்டுகளின் வரிசை தலைகீழாகி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும்.

இவையனைத்தும் வண்டித் தயாரிப்பாளரின் சர்வீஸ் புத்தகத்தில், அந்தந்த எஞ்சினுக்குரிய எண்ணோடும் படத்தோடும் அரைப்பக்கத்தில் அடங்கியுள்ளன என்றொரு மாற்றுக் கருத்து உண்டு. அப்புத்தகத்தில் துணைநூற் பட்டியல் இல்லாமையால், அதனை ஆய்வுநூலாக ஏற்பதற்கில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஹெட்டைப் பூட்டி முடித்தபின் தட்டில் ஒரு வாஷர் மீந்திருந்தால், இக்கட்டுரையை மறுவாசிப்புச் செய்யாமல், உடனே போல்டுகளை ஓரத்திலிருந்து கழற்றத் தொடங்கவும்.